குழாயைப் படம் எடுத்தால்தான் நிற்கும்

அப்பா அம்மா வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. புழக்கத்தில் நின்றது அண்ணன் வைத்த பெயர்தான்: நோண்டி. மாடிப்படி விளக்கை மேலே இருந்தும் அணைக்கலாம், கீழே இருந்தும் அணைக்கலாம் என்று ஆறு வயதில் அவள் கண்டுபிடித்த அன்று விழுந்த பெயர் அது. அண்ணனை மேலே நிறுத்தி, தான் கீழே நின்று, 'இப்ப நீ, இப்ப நான்' என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போட்டும் அணைத்தும் பார்த்தாள். பல்பு போய்விட்டது. அடி வாங்கியது அண்ணன். விளக்கு ஏன் அப்படி இரண்டு பேர் பேச்சையும் கேட்கிறது என்பது மட்டும் அன்று தெரியவில்லை. அதற்காகவே அவள் மின்னணுப் படிப்பில் சேர்ந்தாள் என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லுவார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. மொபைல் ஃபோன் செய்யும் கம்பெனி ஒன்றில், இரண்டாம் மாடிச் சோதனைக்கூடத்தில் வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் அதே கம்பெனியின் சர்வீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கெட்டுப்போன ஃபோனோடும் கெட்டுப்போன மனநிலையோடும் வருகிறவர்களிடம் கதை கேட்டாள். அந்த ஒன்பது வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஞானம் ஒன்றே ஒன்று. வாடிக்கையாளர் பொய் சொல்ல மாட்டார். காரணம் தப்பாகச் சொல்லுவார், கண்ணால் பார்த்ததைத் தப்பாகச் சொல்ல மாட்டார். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, மூன்றே வருடத்தில் முடிந்தும் போயிற்று. 'ஒத்துப்போகுமான்னு சோதிச்சுப் பாக்காம வெளியே விட்டுட்டாங்க' என்று அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். சோதிப்பதுதான் அவள் தொழில் என்பதால் கேட்பவர்களும் சிரிப்பார்கள்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மொபைலுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை அவள் கம்பெனி எழுதுவதில்லை. அது பல கம்பெனிகளுக்கும் பொதுவாக ஓரிடத்திலிருந்து வருகிறது. வந்ததை அப்படியே போட்டு விற்றால் பக்கத்துக் கடை ஃபோனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதனால் ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தன் சட்டையை மாட்டிவிடும். எழுத்து பெரிதாகும், படங்கள் உருண்டையாகும், கேமராவுக்குப் புது வித்தை வரும். ஆனால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து செயலி எழுதியவருக்கு இந்தக் கம்பெனி இருப்பதே தெரியாது. அவர் பொது மென்பொருளை நம்பி எழுதியிருக்கிறார். மேலே என்ன சட்டை போட்டாலும் அவருடைய செயலி அவர் நினைத்தபடி ஓடவேண்டும்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். இதை அவருக்கு விளக்க அவள் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். "வண்டிக்கு எந்தப் பெயின்ட் வேணா அடி, பிரேக்க மட்டும் இடம் மாத்தாதே. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். பிரேக் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் சோதனைக்கூடம். சுவரோரம் அலமாரி அலமாரியாக நாற்பது ஃபோன்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் ஒரு கேபிள் கணினிக்குப் போகும். கணினி அந்தக் கேபிள் வழியாக ஒவ்வொரு ஃபோனிடமும் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும். ஒரு செயலி கோப்பைச் சேமிக்கச் சொன்னால் சேமிக்கிறாயா? இத்தனை மணிக்கு எழுப்பு என்றால் எழுப்புகிறாயா? சரியான பதிலுக்குத் திரையில் பச்சைக் கோடு, தப்புக்குச் சிவப்பு. ஒரு சிவப்பு இருந்தாலும் ஃபோன் கடைக்குப் போகாது.

அந்த வருடத்துப் புது ஃபோனின் பெருமை பேட்டரி. மூன்று நாள் தாங்கும் என்று விளம்பரம் அச்சாகிவிட்டது. அதைச் செய்தவரைப் பேட்டரிக்காரர் என்றே எல்லாரும் அழைப்பார்கள். மெலிந்த மனிதர், தன்னுடைய சார்ஜையும் சேமிப்பவர்போல மெதுவாகத்தான் பேசுவார். அவருடைய ஏற்பாடு எளிமையானது. ஃபோன் குப்புறக் கிடந்து மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால், யாருக்கும் அது தேவைப்படவில்லை என்று அர்த்தம். உடனே உள்ளே இருக்கும் செயலிகளை எல்லாம் தூங்க வைத்துவிடும். சார்ஜில் மாட்டியிருந்தால் மட்டும் சும்மா இருக்கும். மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது சேமித்து என்ன ஆகப்போகிறது? இந்தத் தூக்கத்தால் மற்ற செயலிகளின் வேலை கெடுகிறதா என்று பார்க்க அவரே கூடுதலாகச் சோதனைகளும் எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாம் பச்சை.

கடைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி ஊழியர்களின் வீட்டாருக்கு முப்பது ஃபோன்கள் கொடுத்தார்கள். ஒன்றை நோண்டி அண்ணனிடம் கொடுத்தாள். அவரும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் ஓட்டுவது முதல் வண்டி. பதினோரு வருடமாக ஒரே தடம். காலை நாலே முக்காலுக்கு டெப்போவை விட்டுக் கிளம்பும். மருத்துவமனைக்கு முதல் ஷிப்டு போகிறவர்கள், சந்தைக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று ஏறுகிறவர்கள் எல்லாருமே அவருக்குத் தெரிந்த முகங்கள். யாராவது ஒருவர் நிறுத்தத்தில் இல்லையென்றால் அரை நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். எழுந்துகொள்வதற்கு அவர் வைத்திருந்தது ஒரு வினோதமான அலாரச் செயலி. பொத்தானை அழுத்தினால் நிற்காது. முன்கூட்டியே சொல்லி வைத்த ஒரு பொருளைப் போய்ப் படம் எடுத்தால்தான் நிற்கும். அண்ணன் சொல்லி வைத்தது குளியலறைக் குழாய். ஆக, தினமும் மூன்றே முக்காலுக்கு எழுந்து, தட்டுத் தடுமாறிப் போய், குழாயைப் படம் எடுப்பார். குழாய் முன்னால் நின்றபிறகு முகம் கழுவாமல் திரும்ப முடியாது.

"என்னை ஒரு படம் எடுத்திருப்பாரா இந்த மனுஷன்? அந்தக் குழாய்க்கு ஆல்பமே போட்டு வெச்சிருக்காரு" என்பாள் அண்ணி.

புது ஃபோன் வந்து ஒரு மாதம் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு, பத்து நாளுக்குள் மூன்று முறை அண்ணன் முதல் வண்டியைத் தவறவிட்டார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறாதவர். முதல் இரண்டுக்கும் வாய்மொழி எச்சரிக்கை. மூன்றாவதற்குத் தாளே வந்துவிட்டது: ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும், ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் தடம் வேறொருவருக்குப் போகும், அவர் மாற்று ஓட்டுநர் பட்டியலுக்குப் போவார். யார் லீவு போட்டாலும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு, டெப்போ பெஞ்சில் காத்திருக்கும் வாழ்க்கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டில் பேச்சு அங்கே போய் நின்றது. அலாரம் அடிக்கவில்லை என்றார் அண்ணன். தானாக விழிப்பு வந்து, மணி பார்க்க ஃபோனைக் கையில் எடுத்ததாகவும், எடுத்ததும் அது கத்தத் தொடங்கியதாகவும், அப்போதே மணி ஐந்தைத் தாண்டிவிட்டதாகவும் சொன்னார்.

"எடுத்தப்பறம் அடிச்சுதா?" என்றாள் நோண்டி. "நீ எந்திரிச்சிட்டியான்னு ஃபோன் பாத்துட்டு அடிக்குமா?"

"அடிச்சுதுன்னா அடிச்சுது. மூணு நாளும் அப்படித்தான்."

"அண்ணா, மொத தடவ தவறுனப்பவே லேப்ல அந்த அலாரம் ஆப்ப நாப்பது ஃபோன்ல போட்டுப் பாத்துட்டேன். நாப்பதும் டாண்ணு அடிச்சுது. தூங்கிட்டேன்னு எழுதிக் குடு. வயசாகுது, அசதி. இதுல என்ன கேவலம்?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணிதான் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். மறுநாள் காலையில் நோண்டியின் வீட்டுக் கதவைத் தட்டி, துண்டில் சுற்றிய ஃபோனைக் கொடுத்ததும் அண்ணிதான்.

"உங்க அண்ணன் குடுக்கச் சொன்னாரு. நாப்பதோட இதையும் சேத்து நாப்பத்தொண்ணா வெச்சுக்கட்டுமாம்."

அலுவலகம் போகும் வழி முழுக்க அது அவளைக் குடைந்துகொண்டே வந்தது. கவுன்ட்டரில் ஒன்பது வருடம் முன்பின் தெரியாதவர்களை நம்பியவள், கூடப் பிறந்தவனிடம் அந்த ஞானத்தைக் காட்டவில்லையே. அண்ணன் காரணம் எதுவும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். எடுத்தப்பறம் அடிச்சுது. அதைப் போய்க் கேலி செய்தாயிற்று.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும் ஃபோனைத் திறந்து படங்களைப் பார்த்தாள். அண்ணி சொன்னது மிகையில்லை. குழாய், குழாய், குழாய். தேதி வாரியாக, நேரம் வாரியாக, ஒரே குழாய். சிலதில் சரியாக மூடாமல் சொட்டு நீர். ஒன்றில் அண்ணனின் கட்டை விரல். இதைவிட நல்ல வருகைப் பதிவேடு எந்த அலுவலகத்திலும் இருக்காது. மூன்று நாள் மட்டும் படங்களின் நேரம் ஐந்து மணிக்கு மேல். மூன்றும் அருகருகே, ஒரே பத்து நாளுக்குள். அந்தப் பத்து நாளில் என்ன மாறியது?

மாலையில் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அண்ணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப உன் மருமக ஹாஸ்டல்ல இருந்து வந்திருந்தா இல்ல. அவதான் ஹால்ல படுத்துக்கிட்டா. நாங்க உள் ரூம்ல."

"ஃபோன் எங்க சார்ஜ் போட்டாரு?"

"எங்க கட்டில் பக்கத்து ப்ளக்குல ராத்திரி முழுக்க அவ லேப்டாப்பு. இவரு சாயங்காலமே போட்டு எடுத்துட்டு, தலைமாட்டுல வெச்சுப்பாரு."

"எப்படி? மேல பாத்தா, குப்புறவா?"

"குப்புறத்தான். வெளிச்சம் கண்ணுல அடிக்கும்பாரு."

அப்படியென்றால் பத்து நாளும் தவறியிருக்க வேண்டும். ஏன் மூன்று நாள் மட்டும்? நோண்டி விடவில்லை. நடுவில் எழுந்துகொள்வாரா என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க ஒருமுறை எழுவார், ஃபோன் டார்ச்சை அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவார் என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஹால் வழியா போனா புள்ள தூக்கம் கெடுதேன்னு ஒரு ரெண்டு மூணு நாள் நான்தான் சொம்புல தண்ணி மோந்து பக்கத்துல வெச்சேன். ஏன், என் தண்ணியில என்ன?"

உன் தண்ணியில் ஒன்றும் இல்லை அண்ணி, என்று சொல்லிவிட்டு நோண்டி கிளம்பினாள். நடுராத்திரியில் ஒருமுறை தொட்டாலே மூன்று மணி நேரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடும். தண்ணீர் பக்கத்தில் இருந்த நாட்களில் ஃபோனை யாரும் தொடவில்லை. தொடாத நாட்களில் அது தூங்கியது. அதோடு அலாரமும் தூங்கியது. அது வரை புரிந்தது. ஆனால் சோதனைக்கூடத்தில் நாற்பது ஃபோன்களும் ஏன் அடித்தன?

அடுத்த நாள் காலை சோதனைக்கூடத்துக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அவள் அப்படியே நின்றாள். தினமும் பார்க்கும் காட்சிதான். அலமாரி, ஃபோன், கேபிள். ஃபோன், கேபிள். வரிசையாக வால் முளைத்த நாற்பது பிராணிகள். இந்த அறையில் வாலில்லாத ஃபோன் ஒன்றுகூட இல்லை. கேள்வி கேட்பதும் அந்த வால் வழியாகத்தான், மின்சாரம் போவதும் அந்த வால் வழியாகத்தான். சார்ஜில் இருக்கும் ஃபோன் தூங்காது. தூங்காத ஃபோனைத்தான் மாதக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

பேட்டரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பதறவில்லை. அது தெரிந்த விஷயம்தான் என்றார். கேபிள் இருந்தாலும் இல்லாததுபோல் நடி, குப்புறக் கிடப்பதுபோல் நடி, மூன்று மணி நேரம் ஆனதுபோல் நடி என்று சோதனை முதலிலேயே ஃபோனுக்குச் சொல்லிவிடும். அதற்கு அப்புறம்தான் கேள்வியே.

"சோதனை யார்கிட்ட அப்படிச் சொல்லுது?" என்றாள் நோண்டி.

"சிஸ்டத்துகிட்டக்கா. அடிப்படை மென்பொருள்கிட்ட."

"கேபிள் இருக்கா இல்லையான்னு உங்க ஏற்பாடு யார்கிட்ட கேக்குது?"

அவர் தன் மேசைக்குப் போய், எழுதியதைத் திறந்து, மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். சிஸ்டத்தைக் கேட்டால் பதில் வரச் சில விநாடி தாமதமாகிறது என்று, இரண்டு வருடத்துக்கு முன்னால், சார்ஜ் ஏற்றும் சிப்பிடமே நேராகக் கேட்கும்படி எழுதியிருந்தார். சோதனை வந்து கேபிள் இல்லை என்று சிஸ்டத்தை நம்பவைக்கும். சிப்போ, யார் நடிப்பையும் சட்டை செய்யாமல், கேபிள் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லும். ஏற்பாடு விழித்துக்கொண்டே இருக்கும். எல்லாக் கோடும் பச்சை.

"நடிக்கச் சொன்னது ஒருத்தர்கிட்ட, விசாரிச்சது இன்னொருத்தர்கிட்ட" என்றார் கடைசியில். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. கம்பெனியின் சொந்த அலாரத்துக்கு மட்டும் விலக்கு எழுதியிருந்ததாகவும், மற்ற செயலிகளின் அலாரங்களைச் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நோண்டிக்குக் கோபம் வரவில்லை. மாடிப்படி விளக்கு ஞாபகம்தான் வந்தது. கண்ணால் பார்க்காமல் விட மனசில்லை. கூட்ட அறை மேசையில் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எட்டு ஃபோன்களைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். நாலுக்குக் கேபிள் உண்டு, நாலுக்குக் கிடையாது. எட்டிலும் அண்ணனுடைய செயலி; நிறுத்துவதற்குச் சொல்லி வைத்த பொருள் கூட்ட அறைக் கதவு. ஒரு மணிக்கு அலாரம். கதவில் 'உள்ளே தூங்குகிறார்கள், தொடாதீர்கள்' என்று தாள் ஒட்டினாள். பதினோரு மணிக்கு, மேசை துடைக்க வந்த அம்மா தாளைப் படித்துவிட்டு, மெதுவாக எட்டிப் பார்த்து, யாரையும் காணாமல் குழம்பிப்போய், கால்விரலில் நடந்து திரும்பினார்.

ஒரு மணிக்கு வாலுள்ள நாலும் ஒரே குரலில் கத்தின. வாலில்லாத நாலும் கல்போலக் கிடந்தன. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நோண்டி ஒன்றைக் கையில் எடுத்தாள். எடுத்த நொடியில் அது அலறியது, இத்தனை நேரம் யாரோ வாயைப் பொத்தி வைத்திருந்ததுபோல.

எடுத்தப்பறம்தான் அடிச்சுது. மூணு நாளும் அப்படித்தான்.

மேலாளர் அன்று மாலையே வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஆனால் டெப்போவுக்குக் கம்பெனித் தாளில் கடிதம் கேட்டபோது கையை விரித்துவிட்டார். கடைக்கே வராத ஃபோனின் குறையை எழுதிக் கொடுக்க முடியாது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இன்னும் திருத்தாத மென்பொருளோடு உங்கள் அண்ணனுடைய ஃபோன் ஒன்று இருக்கிறது, அதை அவர் யார் மேசையில் வைத்தாலும் எனக்குத் தெரியவேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அன்று அண்ணன் வீட்டு வாசலில் நோண்டி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. "நாப்பத்தொண்ணாவதுதான் சரி. நாப்பதும் தப்பு" என்றாள்.

அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏன் அப்படி?" என்று கேட்டார். வண்டியின் எந்தக் கோளாறைப் பற்றியும் அவர் கேட்கும் அதே குரல். அவள் சிப்பையும் சிஸ்டத்தையும் விளக்கினாள். இந்த முறை அவரும் ஒரு வாக்கியத்தில் முடிக்கவில்லை. மூன்று இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டுக்கொண்டார்.

கெடுவின் ஆறாம் நாள், அண்ணன் தன் நடை முடித்து வந்தபிறகு, இருவரும் டெப்போ மேற்பார்வையாளர் அறைக்குப் போனார்கள். மேற்பார்வையாளர் பருத்த மனிதர். மேசை நிறைய அட்டவணைகள். ஓட்டுநர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டே காது தடித்துவிட்டது என்றார். மாமியார் செத்ததாகவே ஒருவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அலாரம் அடிக்கவில்லை என்பது தினப்படி வருவது.

"படிச்சுப் பாக்க வேணாம் சார்" என்றாள் நோண்டி. "இது இங்கயே இருக்கட்டும். ஒரு மணிக்கு அடிக்கணும். அடிக்காது. நீங்க கையில எடுத்தா அடிக்கும்."

"நான் எடுத்தாலா?"

"யாரு எடுத்தாலும்."

ஒன்பதே கால் மணிக்கு ஃபோனைக் குப்புற வைத்தார்கள். மேற்பார்வையாளர் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்து மணிக்கு யாரோ அதன் அருகில் பேரேட்டைப் போடப் போனபோது, "ஏய், அத அசைக்காதப்பா" என்றார். பதினொன்றரைக்கு உள்ளே வந்த நடத்துநர்களுக்கு அவரே விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு அறை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். ஒரு மணி ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு மணி நாலு நிமிடம். மேற்பார்வையாளர் இரண்டு விரலால், சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல, ஃபோனைத் தூக்கினார்.

அது அலறிய அலறலில் அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. வாசலில் சிரிப்பு. "சரி சரி, நம்பறேன், நிறுத்து" என்றார். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நொடியில்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"நிறுத்த முடியாதுங்க" என்றார் அண்ணன். "எங்க வீட்டுக் குழாய்தான் வேணும்."

டெப்போக் குழாயைக் காட்டிப் பார்த்தார்கள். அது பித்தளை; செயலி ஏற்கவில்லை. பழைய படம் ஒன்றைத் திரையில் காட்டலாமென்றால் படங்கள் எல்லாம் அலறிக்கொண்டிருக்கும் அதே ஃபோனில்தான் இருந்தன. அணைக்கப் பார்த்தார்கள், அலாரம் நிற்கும் வரை ஃபோனை அணைக்கவும் விடாமல் செயலி தடுத்தது. செயலியை எழுதியவர் எங்கோ இருக்கிற புண்ணியவான். தன் வேலையை நன்றாகச் செய்திருந்தார். மேற்பார்வையாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் விளக்கக் கடிதத்தை இழுத்து, 'ஏற்கப்பட்டது, தடத்தில் மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மொதல்ல இத எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு நாலே முக்காலுக்கு வண்டி எடுக்கணும். இந்த ஃபோன் வேணாம்."

பேட்டரிக்காரர் அந்த வாரமே சிப்பை விட்டுவிட்டு, மற்ற செயலிகளைப்போலச் சிஸ்டத்திடமே கேட்கும்படி மாற்றினார். ஆள் வைத்த அலாரம் எந்தச் செயலியில் இருந்தாலும் அதைத் தொடுவதில்லை என்றும் எழுதினார். மூன்று நாள் பேட்டரி இரண்டே முக்கால் நாள் ஆயிற்று. விளம்பரத்தில் ஒரு வரி மாறியது. சோதனைக்கூடத்தில் சன்னலோரம் ஒரு மேசை புதிதாக வந்தது. அதில் எட்டு ஃபோன்கள் கேபிள் இல்லாமல் குப்புறக் கிடக்கும். அதைத் துடைக்கக்கூடாது என்று மேசை துடைக்கும் அம்மாவுக்குத் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று மத்தியானம் அண்ணனும் தங்கையும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். அண்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்; இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஃபோன் துண்டுக்குள் சுற்றிக் கிடந்து, நோண்டியின் மடியில் ஓயாமல் கத்தியது. முன் இருக்கைப் பெண் திரும்பி, எடுத்துப் பேசலாமே என்றாள்.

"அதுக்கு எங்க வீட்டுக் குழாயப் பாக்கணுமாம்" என்றார் அண்ணன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

அந்தப் பெண் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். நோண்டி சன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். வீட்டில் குழாயை மாற்றிவிட்டால் என்ன ஆகும்?

"அண்ணா, பழைய குழாய் சொட்டுது இல்ல?"

"வேணாம்" என்றார் அண்ணன். "அதத் தொடாதே."